ஏர் ரைஃபிளா, ஏர் பிஸ்டலா, .22-வா, பன்னிரண்டு போரா? குமரி மாவட்டத்தில் இலக்குச் சுடுதல் தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தனியாக ஒரு வெண்கலமும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலமும் வென்றார். ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் (.22 அங்குலத் தோட்டா) வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளிலும், புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான், பன்னிரண்டு போர் அளவு ஷாட்கன்னால் பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப்பிலும் அதே ஒலிம்பிக்கில் சுட்டார்கள். புதிதாக வருபவர் குழம்பி நிற்பதும் இந்த நான்கு பிரிவுகளுக்கு நடுவில்தான்.

"எந்த மாடல் வாங்கலாம்?" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருப்பவர் அதற்கு முன்னால் வேறொன்றைக் கணக்குப் போட வேண்டும். வாரத்துக்கு எத்தனை நாள், எந்த இடத்தில், எத்தனை குண்டு சுட முடியும்? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது. சுட இடமில்லாத துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அலமாரியில்தான் கிடக்கும்.

எதை வைத்து ஒப்பிடுகிறோம்

ஐந்து விஷயங்கள்: உரிமம் வேண்டுமா, பக்கத்தில் ரேஞ்ச் (சுடுதளம்) எங்கே, ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு (வாங்கும் விலையை மட்டும் பார்க்கக் கூடாது), உடம்புக்கு ஒத்துவருமா, நம்மூர் உப்புக்காற்றில் அதைப் பராமரிப்பது எவ்வளவு சிரமம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் தவறான தகவல் அதிகம் உலவுவது அதில்தான். "ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்பது பாதி உண்மை. 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மி.மீ. (.177) அளவுக்குள்ளும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் மட்டுமே உரிமம் வேண்டாம். 5.5 மி.மீ. ஏர் ரைஃபிள், ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், உரிமத்துக்குள் வந்துவிடும். யாராவது பழைய 5.5-ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் உரிமத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

உரிமம் வேண்டாத ஏர் கன்னாக இருந்தாலும் பறவையை நோக்கிச் சுடுவது குற்றம். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்களில் வந்திறங்கும் நாரையும் கூழைக்கடாவும் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. விளையில் புகும் பன்றிக்கும் இதே பேச்சுதான். அது வனத்துறையின் வேலை. இந்தக் கட்டுரை முழுக்க இலக்கு அட்டைக்கும் களிமண் தட்டுக்கும் மட்டுமே.

10 மீட்டர் ஏர் ரைஃபிள்

இலக்கு அட்டையின் நடுவில் இருக்கும் பத்து, 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. பால்பாயின்ட் பேனாவால் ஒருமுறை தொட்டு எடுத்தால் விழும் மைத்துளி அளவுதான். 4.5 மி.மீ. பெல்லட் (ஏர் கன்னின் ஈயக்குண்டு) அதன் மேல் விழும்போது புள்ளியே காணாமல் போய்விடும். போட்டியில் 60 குண்டு, மின்னணு இலக்கில் 75 நிமிடம், தசம மதிப்பெண், அதிகபட்சம் 654. துப்பாக்கி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது.

போட்டி ரைஃபிள்கள் காற்றைச் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்து இயங்குபவை. சுமார் 0.53 கிராம் எடையுள்ள தட்டைத் தலைப் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் அளவில் பறக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழரை ஜூல். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ் போன்ற ஜெர்மன் துப்பாக்கிகள் எல்லாம் இந்த அளவுதான். ஆகவே கடைக்காரர் "இது 19 ஜூல் சார், பவர் அதிகம்" என்று சொன்னால் அது இலக்குச் சுடுதலுக்கு ஒரு தகுதியே இல்லை. ஆற்றல் கூடக் கூட உதைப்பும் கூடும், அட்டையில் குண்டுகள் சிதறும்.

குழலை மடித்து ஏற்றும் ஸ்பிரிங் துப்பாக்கியில் தொடங்கலாமா? பழக்கத்துக்குச் சரி, போட்டிக்குச் சரிவராது. பிஸ்டன் முன்னால் ஓடி முட்டும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் இரண்டு முறை குலுங்கும். இறுக்கிப் பிடித்தால் குண்டு ஒவ்வொரு முறையும் வேறிடம் போகும்; கையில் தளர்வாகத் தாங்கிப் பிடித்தால்தான் ஓரிடத்தில் சேரும். பெல்லட் போடாமல் வெறுமனே விசையை இழுத்தால் பிஸ்டன் சீல் சிதைந்துவிடும்.

ரைஃபிளில் மறைந்திருக்கும் செலவு உடையில் இருக்கிறது. கெட்டியான கான்வாஸ் ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, தட்டையான அடிப்பாகம் கொண்ட ஷூ எல்லாம் வேண்டும். ஜாக்கெட் ஒரு மடிப்பில் 2.5 மி.மீ. தடிமனைத் தாண்டக் கூடாது என்பது விதி. உடம்புக்கு ஒட்டித் தைத்தால்தான் பயன், அதனால் வளரும் பிள்ளைக்கு இரண்டு வருடம்கூடத் தாங்காது. பெற்றோர் பட்ஜெட் போடும்போது இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அந்த ஜாக்கெட்டுக்குள் ஒன்றேகால் மணி நேரம் நிற்பது தனிப் பயிற்சி. வியர்வையில் ஊறிய ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் திணிக்காதீர்கள். அகன்ற தோள் உள்ள ஹாங்கரில் மின்விசிறிக் காற்றில் தொங்கவிடுங்கள். மடித்த இடம் தளர்ந்துவிட்டால் முதுகுக்குத் தாங்கல் போய்விடும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல்

அதே பத்து மீட்டர், அதே 60 குண்டு, அதே 75 நிமிடம். ஆனால் ஒரே கையில் பிடிக்க வேண்டும். பத்தின் விட்டம் 11.5 மி.மீ. ரைஃபிளோடு பார்த்தால் பெரிய இலக்கு என்று தோன்றும். கையை நீட்டி ஒரு நிமிடம் நின்று பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். எடை 1.5 கிலோவுக்குள், விசையின் எடை குறைந்தது 500 கிராம், துப்பாக்கி முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

ஜாக்கெட் கிடையாது. கணுக்காலை மூடாத தட்டை ஷூ போதும். நம் ஊர்ச் சூட்டுக்கு இது பெரிய வசதி. மொத்தச் செலவிலும் ரைஃபிளைவிடக் குறைவு, பேருந்தில் கொண்டுபோவதும் எளிது. ஸ்டெயர், மொரினி, பர்தினி, வால்தர் ஆகியவற்றில் எதை எடுத்தாலும் துல்லியத்தில் தொடங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. தெரிவது மரப் பிடிதான். வலக்கை, இடக்கை, சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் உண்டு. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள பள்ளம் பிடியோடு இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தாத இடத்தில் மரப் புட்டி வைத்தும், அழுத்தும் இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் சரிசெய்வார்கள். ஒரே நாளில் அதிகம் தேய்க்காதீர்கள். எடுத்த மரம் திரும்ப வராது.

வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே போய்ச் சேர்ந்தால் துப்பாக்கியின் சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருகாதீர்கள். விசையை வெடுக்கென்று இழுக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். முன் சைட் கூர்மையாகவும் இலக்கு மங்கலாகவும் தெரிய வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் நேர்மாறாகப் பார்க்கிறார்கள்.

ஏர் பிரிவு இரண்டுக்கும் பொதுவானவை: காற்று, வீட்டு ரேஞ்ச், துரு

காற்று நிரப்புவதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. வெல்டிங் பட்டறையில் இருக்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது. உயர் அழுத்த ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் வெடிக்கும். டயர் கடைக் கம்ப்ரெஸர் பத்துப் பார் அளவில் நின்றுவிடும், அதனால் உதவாது. உயர் அழுத்தக் கைப்பம்பு போதும், ஆனால் குமரியின் ஈரக்காற்று அதன் வழியே தண்ணீராகச் சிலிண்டருக்குள் இறங்கும். ஐம்பது முறை பம்பு அடித்ததும் நிறுத்தி, பம்பின் கழிவுத் திருகைத் திறந்து ஈரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டு முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குள் போக முடியாது.

வீட்டில் பயிற்சி செய்ய 12 மீட்டர் நீளம் வேண்டும்: பத்து மீட்டர் தூரம், பின்னால் நிற்கும் இடம், முன்னால் பெல்லட்டைத் தடுத்துப் பிடிக்கும் பெட்டி. அந்தக் கோட்டுக்கு நடுவே எந்தக் கதவும் திறக்கக் கூடாது. இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அட்டை மேல் 1,500 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும், ஒரு எல்.இ.டி. ஸ்பாட் விளக்கைச் சாய்த்து வைத்தால் கிடைத்துவிடும். பெட்டியின் உள்ளே இரும்புத் தகட்டைச் செங்குத்தாக வைத்தால் ஈயத்துணுக்கு முகத்துக்கே திரும்பி வரும். மேல்முனை உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்படி 45 டிகிரியில் வையுங்கள், அடியில் பழைய துணி போடுங்கள். பின்சுவர் செங்கலாக இருக்கட்டும். ஈயத்தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

துரு பற்றி: குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் இரும்புப் பாகங்களை லேசான எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். பஞ்சு அடைத்த பெட்டி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாதம் ஒருமுறை அவற்றை உலர்த்தி மாற்றுங்கள்.

.22 ரைஃபிள், .22 பிஸ்டல்

இங்கிருந்து உரிமம் கட்டாயம். 1959 ஆயுதச் சட்டப்படி குறைந்தபட்ச வயது 21. அதற்குக் கீழுள்ளவர்கள் விதிகளுக்குட்பட்டுப் பயிற்சியில் மட்டும் சுடலாம். விண்ணப்பம், காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பத்திரமாக வைக்கும் ஏற்பாடு எல்லாம் பார்க்கப்படும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், உரிமம் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத் தனி வரம்பு உண்டு.

குமரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. காட்டுயிர்ச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் புதிய ஆயுத உரிமம் கொடுக்கத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். மாவட்டத்தின் மலைப்பகுதி கன்னியாகுமரி காட்டுயிர் சரணாலயம். பேச்சிப்பாறை, குலசேகரம், தடிக்காரன்கோணம் பக்கத்து விண்ணப்பங்கள் நாகர்கோவிலோடு முடிந்துவிடாது. மாதக்கணக்கை இதற்கேற்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம். .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. வீட்டுக்கு வீடு ஒட்டி நிற்கும் நம் மாவட்டத்தில் சொந்த விளையில் சுடலாம் என்ற நினைப்பே வேண்டாம். பக்கத்துப் பெரிய ரேஞ்ச், 2015 தேசிய விளையாட்டுப் போட்டி நடந்த திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கி.மீ. அங்கே சொந்தத் துப்பாக்கியோடு போவதென்றால் களியக்காவிளையைத் தாண்டுகிறீர்கள். உரிமத்தில் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற இடத்தில் கேரளம் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், எல்லைக்கு அந்தப் பக்கம் அது உரிமமில்லாத ஆயுதம். மதுரை ரைஃபிள் கிளப்புக்குப் போனால் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தூரம் மூன்றரை மடங்கு. பயிற்சி எங்கே எடுத்தாலும் போட்டியில் ஒரு மாநிலத்தின் சார்பில்தான் நிற்க முடியும். அதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

சுடும் இன்பத்தில் .22-க்கு ஈடில்லை என்பது எங்கள் கருத்து. 50 மீட்டரில் பத்தின் விட்டம் 10.4 மி.மீ. நொடிக்கு 4 மீட்டர் குறுக்குக் காற்று அடித்தால் குண்டு 2 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போகும், அதாவது இரண்டு மூன்று வளையம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்று பழகியவருக்குக் காற்று ஒரே சீராக அடிப்பதில்லை என்பது தெரியும். ரேஞ்சில் நட்டிருக்கும் சிறு கொடிகளைப் பார்த்து, காற்று தணியும் இடைவெளிக்காகக் காத்திருந்து சுடுவதுதான் இந்தப் பிரிவின் கலை.

தோட்டா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு குழலுக்கும் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு எண்ணுள்ள தோட்டாதான் ஒத்துப்போகும். பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாகச் சேரும் எண்ணையே மொத்தமாக வாங்குவார்கள். ஆனால் உரிமத்தில் எழுதிய ஆண்டு எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. வாரம் 320 குண்டு வீதம் 50 வாரம் சுட்டால் 16,000. ஏர் பிரிவில் இது 500 பெல்லட் கொண்ட 32 டப்பா. .22-வில் இதே எண்ணிக்கை 50 தோட்டா கொண்ட 320 பெட்டி. ஏன் எல்லோரும் ஏரில் தொடங்குகிறார்கள் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

பன்னிரண்டு போர் ஷாட்கன் (ட்ராப்)

110 மி.மீ. விட்டமுள்ள தட்டு, 24 கிராம் ஈயக்குண்டு, ஒரு சுற்றுக்கு 25 தட்டு, தட்டுக்கு இரண்டு தோட்டா வரை. பெராஸி, பெரெட்டா போன்ற மேல்கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கிகள்தான் புழக்கத்தில் உள்ளவை. தாத்தா காலத்து ஒற்றைக்குழலை எஸ்டேட் உரிமத்தோடு வைத்திருப்பவர்கள் "இதையே வைத்து ட்ராப் சுடலாமே" என்று கேட்பதுண்டு. இரண்டாவது தோட்டாவுக்கு வழியில்லை, தோள்கட்டையின் உயரமும் எழும்பிப் பறக்கும் தட்டுக்குப் பொருந்தாது. உரிமம் எந்தக் காரணத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்கு வெளியே பயன்படுத்துவதும் சிக்கல்தான்.

மாதம் இரு முறை 100 தட்டு சுட்டாலே ஆண்டுக்கு 2,400 தட்டு. இரண்டாம் தோட்டாவையும் சேர்த்தால் 3,000-ஐத் தாண்டும். ட்ராப் மைதானம் தேடிப் பல நூறு கிலோமீட்டர் போக வேண்டும். தென்கோடியில் இருந்துகொண்டு இதை முதல் துப்பாக்கியாகத் தேர்வு செய்வதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

| | ஏர் ரைஃபிள் | ஏர் பிஸ்டல் | .22 | ஷாட்கன் |
|---|---|---|---|---|
| உரிமம் | 4.5 மி.மீ., 20 ஜூலுக்குள் வேண்டாம் | அதே | வேண்டும் | வேண்டும் |
| வீட்டில் பயிற்சி | முடியும் | முடியும் | வெறும் விசைப் பயிற்சி மட்டும் | தோளில் ஏற்றும் பயிற்சி மட்டும் |
| மறைமுகச் செலவு | ஜாக்கெட், கால்சட்டை | பிடி மாற்றம் | தோட்டா, பயணம் | தோட்டா, தட்டு, நீண்ட பயணம் |
| காற்றின் பாதிப்பு | இல்லை | இல்லை | அதிகம் | தட்டின் பாதை மாறும் |
| யாருக்கு | பொறுமையுள்ள மாணவர் | வேலைக்குப் போகும் பெரியவர் | ஏரில் நிலைத்தவர் | ரேஞ்ச் பக்கத்தில் குடியிருப்பவர் |

தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போட்டியாளர்கள் விலக்குக் கேட்க ரைஃபிள் சங்கக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. அட்டவணையில் அடங்காத செலவு இது; ஒரு பருவப் பயிற்சியே தடைபடும்.

மற்ற நாடுகளில்

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துத் துப்பாக்கி தேர்வு செய்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்காரரின் விருப்பத் துப்பாக்கியும் அந்த நாட்டுச் சட்டம் விட்டுவைத்த இடத்தில் வளர்ந்தது.

அமெரிக்காவில் 1964-இல் வந்த ரூகர் 10/22 வீட்டுக்கு வீடு பிரபலம். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளுக்கு 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21 என்பது மத்தியச் சட்டம். ஏர் கன்னை அந்தச் சட்டம் துப்பாக்கியாகவே எண்ணுவதில்லை, ஆனால் நியூ ஜெர்சி மாநிலம் எண்ணுகிறது. பிரிட்டனில் 1996 டன்பிளேன் படுகொலைக்குப் பிறகு, 1997-இல் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன, வட அயர்லாந்து நீங்கலாக .22 பிஸ்டல்கூடப் போய்விட்டது. இங்கிலாந்தில் உரிமமில்லாமல் ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் சொச்சம் வரை வைத்திருக்கலாம், ஏர் பிஸ்டல் அதில் பாதி. ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து ஏர் கன்னுக்கும் உரிமம் வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அப்படியே: சாதாரண ஏர் ரைஃபிளுக்கே உரிமமும், காட்டக்கூடிய காரணமும் வேண்டும்.

ஜெர்மனியில் ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து பொறித்த, 7.5 ஜூலுக்குள் உள்ள ஏர் கன்னை 18 வயதானவர் உரிமமில்லாமல் வாங்கலாம். போட்டி ரைஃபிள்களும் அந்த அளவில்தான் நிற்கின்றன. சுவிட்சர்லாந்தில் ராணுவ ரைஃபிளோடு 300 மீட்டர் சுடுவது ஊர்த் திருவிழா போல. ஜப்பானில் வேட்டை ரைஃபிள் வேண்டுமென்றால் பொதுவாகப் பத்து ஆண்டு ஷாட்கன் வைத்திருந்திருக்க வேண்டும். சட்டம் இவ்வளவு கடுமையான அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் ஒளிக்கற்றை பாய்ச்சும் பீம் ரைஃபிளில் போட்டியிடுகிறார்கள். ரேஞ்ச் இல்லாத நம் மாவட்டப் பள்ளிகளுக்கு அதுபோன்ற ஏற்பாடு பொருத்தமாக இருக்கும் என்று உறுதியாக நினைக்கிறோம்.

வளைகுடாவில் ஷாட்கன்தான் ராஜா. 2004 ஏதென்ஸில் டபுள் ட்ராப் தங்கம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அகமது அல் மக்தூமுக்கு, வெள்ளி நம் ராஜ்யவர்தன் சிங் ராத்தோருக்கு. கத்தாரில் லூசைல், குவைத்தில் ஷேக் சபா ஒலிம்பிக் வளாகம் என்று பெரிய ரேஞ்சுகள் இருக்கின்றன. அங்கே வேலையில் இருக்கும் நம் ஆட்கள், ஊரில் துப்பாக்கி வாங்கும் முன் கிடைக்கிற ரேஞ்சில் நான்கு பிரிவையும் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். ஆனால் ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஓரத்தில் சிக்கிய ஒரு தோட்டா போதும், எந்த விமான நிலையத்திலும் வழக்காகிவிடும். "வரும்போது ஒரு ஏர் பிஸ்டல் கொண்டு வா மக்களே" என்று ஊரிலிருந்து சொல்வதும் வேண்டாம். வீரர்களுக்கான இறக்குமதி, தேசிய ரைஃபிள் சங்கத்தின் சான்றோடு முறைப்படி நடக்க வேண்டியது.

பழையது வாங்குவதென்றால்

முதல் ஆண்டுக்கு நல்ல நிலையிலுள்ள பழைய ஏர் பிஸ்டல் அல்லது கிளப்பின் வாடகை ரைஃபிள் போதும். வாங்கும்போது முதலில் சிலிண்டர் தேதி. பிறகு 200 பாருக்கு நிரப்பி, ஓர் இரவு விட்டு, காலையில் அழுத்தமானியைப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. குழலின் வாயில் விரலைச் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் பொருத்தி ஒரே டப்பாப் பெல்லட்டில் பத்துச் சுடுங்கள். பத்தும் சேர்ந்து ஒரே ஓட்டையாக, பெல்லட்டின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக விழ வேண்டும். சிதறினால் 4.49, 4.50 என்று தலை அளவு மாற்றி இன்னும் இரண்டு டப்பாவில் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.